காற்று, சோறு, மாத்திரை

புறநகர் ரயில் – 12

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைச் சென்ற வாரம் சுற்றி முடித்தோம். இந்த வாரம் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கலாம்.

காலை வேளையில் குரோம்பேட்டை தாண்டிய ரயிலில் "சானடோரியம் இறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்ற குரல் கேட்காமல் இருக்காது. இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற இளைஞர்கள், இளம்பெண்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, நடையில் வேகம். சித்த மருத்துவமனைக்குப் போகிற முதியவர்கள் அவர்களுக்குப் பின்னால். கடைசியாக, கூட்டம் கலைந்த பிறகு, ஒரு கையில் எக்ஸ்ரே கவரும் மறு கையில் துணைக்கு வந்தவரின் தோளுமாகச் சிலர் இறங்குவார்கள். இந்த ஸ்டேஷனுக்கே பெயர் கொடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அரசுப் பதிவில் அது நெஞ்சக நோய் மருத்துவமனை. ஆட்டோக்காரர்களுக்கும் பூக்காரம்மாவுக்கும் இன்றைக்கும் டிபி ஆஸ்பத்திரி. 1928 ஏப்ரலில் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். அப்போது தாம்பரம் நகரத்துக்கு வெகு வெளியே கிடந்தது. முள்புதரும் ஏரியும் பனையும் குன்றும்தான். அந்த வெறுமைக்காகவே அவர் இந்த இடத்தைத் தேடி வந்தார்.

ஏனென்றால் காசநோய்க்கு அன்று மருந்து கிடையாது. கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்து அறிவித்துவிட்டார். அதைக் கொல்லும் மருந்து வர இன்னும் அறுபது ஆண்டுகள் பிடித்தன. அதுவரை டாக்டர்களின் கையில் இருந்தவை சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகிய மூன்றுதான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரெமர் மலைக்கிராமம் ஒன்றில் தொடங்கிவைத்த இந்தச் சானடோரியம் முறை ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. நம் பக்கத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ல் ஒரு சானடோரியம் வந்தது. தாம்பரம் அதற்குப் பின்னால் வந்தது.

சவுரிமுத்து தாம்பரத்துக்கு வருமுன் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்திக்கொண்டிருந்தார். 1917-ல் அங்கே நோயாளியாகப் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர் சீனிவாச ராமானுஜன். இருவரும் முன்பே அறிமுகமானவர்கள். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் ராமானுஜன் புறப்பட்டபோது அதே கப்பலில் சவுரிமுத்துவும் பயணம் செய்தார். கடல் கடந்த அந்தப் பயணத்தில் டாக்டரிடம் பேசிக்கொண்டு வந்த இளைஞர், மூன்றே ஆண்டுகளில் அவருடைய வார்டுக்கே வந்து படுக்க வேண்டியதாயிற்று.

ராமானுஜன் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. அடுத்து மேட்லாக் என்ற ஊரின் சானடோரியத்தில் நெடுநாள் கிடந்தார். குளிர்நாட்டில் ஜன்னலைத் திறந்து போட்டுப் படுக்கச் சொல்வதுதான் அன்றைய சிகிச்சை. கும்பகோணத்துப் பிள்ளைக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்? சாப்பாடு அதைவிடப் பெரிய தொல்லை. அவர் கட்டுப்பாடான சைவ உணவுக்காரர், நடந்துகொண்டிருந்ததோ உலகப் போர். சத்தான சாப்பாடு என்று சானடோரியம் தட்டில் வைத்தவற்றில் பல அவரால் தொட முடியாதவை. 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

அவருக்கு வந்தது காசநோய்தானா என்பதே பிற்பாடு கேள்வியாகிவிட்டது. கல்லீரலில் தங்கிய அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று டி.ஏ.பி. யங் 1994-ல் எழுதிய ஆய்வு சொல்கிறது. அது உண்மையானால், அந்தத் தொற்றுக்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தாம்பரத்துக்கு வருவோம். சானடோரியம் தொடங்கிய மூன்றாவது ஆண்டு, 1931-ல், கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கு அதுதான் முதல் மின்சார ரயில். 1937-ல் சானடோரியத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் ஜார்ஜ் டவுனிலிருந்த கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிவந்தது. ரயிலும் ஆஸ்பத்திரியும் கல்லூரியும் பத்தே ஆண்டுக்குள் வந்து சேர்ந்து தாம்பரத்தை ஊராக்கின என்று சொல்லலாம்.

1943-ல் காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு பாஸ் என்கிற மருந்து. 1952-ல் ஐசோனியசிட், விலை குறைந்த மாத்திரை. மருந்து வந்துவிட்டது, சரி. ஆனால் நோயாளியை எங்கே வைத்துக் கொடுப்பது? ஓய்வும் சாப்பாடும் இல்லாமல் வெறும் மாத்திரை கேட்குமா என்பது உலகம் முழுக்க இருந்த சந்தேகம். இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்குப் படுக்கை கட்டுவதென்றால் எத்தனை தாம்பரம் கட்டினாலும் போதாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடி 1956-ல் சென்னையில் ஒரு மையம் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய அதற்குக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்று பெயர். முதலில் நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். மையம் அமைந்த இடம், ராமானுஜன் உயிர் விட்ட அதே சேத்துப்பட்டு.

ஆய்வு நடந்த விதம் எளிமையானது, துணிச்சலானது. நகரத்தின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்துக்கு. அங்கே கட்டில், ஓய்வு, வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு, நர்ஸ் கையால் மாத்திரை. மறு பாதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். நெருக்கடியான குடிசை, அரைவயிற்றுச் சாப்பாடு, முடிந்த அன்றைக்கு எழுந்து வேலைக்கும் போய்விடுவார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருப்பவர்கள் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா என்று பார்க்க ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டினார்கள். மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 பேருக்கு. வீட்டுத் தரப்பினர் எடை கூடியது குறைவுதான், சாப்பாடும் மட்டம்தான். இருந்தும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களோடு ஒரே அறையில் படுத்த மனைவி, பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தும் வழிக்கு மாறினார்கள். சுகாதார ஊழியர் கண் முன்னால் மாத்திரை விழுங்க வைக்கும் முறை வேர் பிடித்ததும் சேத்துப்பட்டில் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில்தான். மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. சென்னை உலகத்துக்குக் கொடுத்தவை என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் நம் பிள்ளைகள் இதைப் படிப்பதாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் அந்த நல்ல முடிவின் நிழலில் ஒன்று மறைந்துபோனது. மாத்திரை போதும் என்றதும், சாப்பாடு முக்கியமில்லை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். சென்னை ஆய்வு கேட்ட கேள்வி வேறு. வீட்டில் வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா என்றுதான் அது கேட்டது. யாருக்கு நோய் வருகிறது, யார் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே சாகிறார்கள் என்று கேட்கவில்லை. அந்த இரண்டுக்கும் விடை சோற்றுப் பானையில் இருக்கிறது.

சேலையூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். காசநோய் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதியில் மாத்திரையை விட்டுவிடுகிறார்களே, ஏன் என்று ஒருமுறை கேட்டேன். சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு என்றார். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், ஆபத்தில்லை. குடிப்பழக்கத்தால் விடுகிறவர்கள் உண்டு. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்:

"மருந்து கேக்க ஆரம்பிச்சா முதல்ல வர்றது பசி தம்பி. மாசக்கணக்கா வாய்க்குப் பிடிக்காம கிடந்தவனுக்குத் திடீர்னு அகோரப் பசி எடுக்கும். வீட்ல பொங்கறது நாலு பேருக்கு அரை வயித்துக்குத்தான். இவன் தட்டை நீட்டினா பிள்ளைங்க தட்டுல குறையும். மாத்திரையை நிறுத்தினா பசியும் அடங்கிடும்ல? நிறுத்திடுவான்."

மருத்துவப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவர் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டின் பங்கை எண்ணிக்கையில் நிரூபித்த ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை, மங்களூரைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் நடந்த அந்த ஆய்வுக்கு ரேஷன்ஸ் என்று பெயர். சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்கும் அதில் உண்டு. 2,800 நோயாளிகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர் என்று 10 கிலோ மூட்டை கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் உடன் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. மறு பாதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் மூட்டை. 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் முடிவு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்குப் பரப்பக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் நோயாளியின் எடை 5 சதவீதம் கூடினால் இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைகிறது என்பதும் தெரியவந்தது. வெறும் அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. ஒரு தடுப்பூசி இந்த அளவு காப்பாற்றியிருந்தால் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சவுரிமுத்து தலைமுறை சொன்னது சரிதான் என்றாகிவிட்டது. காற்று?

கிருமி பரவுவது நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகளால். காய்ந்து சிறுத்த அந்தத் துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். காற்றோட்டம் இருந்தால் கலைந்துபோகும், வெயில் பட்டால் கிருமி சாகும். பெரு நாட்டின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் ஒரு குழு இதை அளந்து பார்த்து 2007-ல் வெளியிட்டது. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் வைத்து 1950-க்கு முன் கட்டிய பழைய வார்டுகளில், ஜன்னலைத் திறந்துவைத்தாலே தொற்று அபாயம் மிகவும் குறைந்தது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த புது அறைகளைக்கூட அந்தப் பழைய வார்டுகள் மிஞ்சின. திறந்த ஜன்னல் நோயாளியைக் குணப்படுத்தாது. பக்கத்துக் கட்டில்காரரைக் காப்பாற்றும்.

இதைச் சொன்னால் ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள். 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் ஏ.சி. மின்சார ரயில் வந்ததிலிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது. அரை மணி நேரப் பயணத்தில் பக்கத்தில் ஒருவர் இருமினார் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். காசநோய் பெரும்பாலும் தொற்றுவது ஒரே வீட்டில், ஒரே அறையில், மாதக்கணக்கில் சேர்ந்து இருக்கும்போது. அதனால் முதலில் திறக்க வேண்டியது நம் வீட்டு ஜன்னலைத்தான். கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் அடைத்த ஜன்னலை மறுநாள் சாயங்காலம் வரை திறக்காத வீடுகள் பெருங்களத்தூரிலும் ஊரப்பாக்கத்திலும் எத்தனையோ. கொசுவலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள்.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1993 முதல் அங்கே எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற இடங்களில் கதவைச் சாத்திய காலம் அது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைக் காசநோய் முதலில் பிடிக்கும் என்பதால் இரண்டு நோய்க்கும் ஒரே கூரை பொருத்தமானது. 2004 ஏப்ரலில் நாடு முழுக்க எட்டே அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியபோது அந்த எட்டில் தாம்பரமும் ஒன்று. ஆந்திராவிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். யாரும் தொடத் தயங்கிய காலத்தில் அவர்களைத் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை கொடுத்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் இந்தப் புறநகரில் ஒரு நினைவுக் கல்வெட்டாவது இருக்க வேண்டும்.

இன்றைய செய்திக்கு வருகிறேன். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துக் கொடுத்த வழி அது. புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளியிடம் ஐந்தே சோதனை. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடிந்துவிடும். ஆபத்தில் இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சத்துணவோடு கவனிக்கிறார்கள். சென்னை ஆய்வு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பலாம் என்றது. யாரை மட்டும் அனுப்பக்கூடாது என்பதை இந்தத் திட்டம் சொல்கிறது. ஒன்றை மற்றொன்று நிறைவு செய்கிறது.

மத்திய அரசு 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் சாப்பாட்டுக்கு மாதம் 500 ரூபாய் போட்டது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும் என்று தெரியும். நோயாளிக்கு மட்டும் தனியாகச் சமைத்துக் கொடுக்கும் அம்மா நம் ஊரில் கிடையாது. பானையில் வெந்தால் எல்லாருக்கும்தான் வேகும். அப்படியிருக்க, வீட்டுக்கே சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. ஜார்கண்ட் ஆய்வு சொல்வதும் இதுதான்.

நம்மால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நிக்‌ஷய் மித்ரா என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய ஏற்பாட்டில் தனி மனிதர்களும் சங்கங்களும் ஒரு நோயாளியைப் பொறுப்பெடுத்துக்கொண்டு குறைந்தது ஆறு மாதம் உணவுப் பொருள் தரலாம். பெரியவர் ஒருவருக்கு மாதம் 3 கிலோ அரிசி அல்லது சிறுதானியம், ஒன்றரைக் கிலோ பருப்பு, கால் கிலோ எண்ணெய், ஒரு கிலோ பால் பவுடர் அல்லது ஒரு கிலோ வேர்க்கடலை. முடிந்தால் 30 முட்டை. நம் மளிகைக் கடையில் கிடைக்காத பொருள் இதில் எதுவும் இல்லை. வேர்க்கடலை 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. மாம்பலத்தில் ஏறுகிறபோது நாம் வாங்கிக் கொறிக்கிற பொட்டலம்தான். குடியிருப்போர் சங்கங்கள் ஆண்டுவிழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினால், நம் தெருவின் ஒரு வீடு ஆறு மாதத்துக்குப் பசியில்லாமல் இருக்கும். பட்டியல் போட்டுப் படம் பிடித்துப் போடாமல் கொடுங்கள். இந்த நோயைச் சொல்லிக்கொள்ளக் கூசுகிறவர்கள் இன்னும் நிறைய.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், சாயங்காலக் காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால், மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்து நாளைக் கடத்த வேண்டாம். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, நன்றாக மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி அதில் வேண்டும். எச்சில் உதவாது. பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகிவிடும். சந்தேகம் இருந்தால் கேட்க 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாருடைய இருமல் நினைவுக்கு வந்ததோ, அவரை இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள்.